ஓசூருக்குக் கொண்டுபோன ஓட்டைகள்

தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு மதுரையைத் தாண்டினாலே வெளிநாடுதான். திண்டுக்கல்லில் சாம்பார் மாறும், சேலத்தில் பேச்சு மாறும், கிருஷ்ணகிரியில் காற்று மாறும், அதற்கும் மேலே போனால் மாநிலமே மாறிவிடும். ஓசூர் அந்தக் கடைசி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. ஒரு டிபன் டப்பாவுக்குள் பல நூறு கோடி ஓட்டைகளை வைத்து, அதை மடியில் இடுக்கிக்கொண்டு போனேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். அலுமினியத் தகட்டை அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல் தேனடை மாதிரி துளைகள் தானாக விழும். ஒவ்வொரு துளையும் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். அடியிலுள்ள அலுமினியத்தைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது வெங்காயச் சருகை விட மெல்லிய ஒரு சல்லடை. மார்கழியில் ஓட்டை போட்ட கோல அச்சைத் தரையில் வைத்து மாவைத் தட்டுகிறார்களே, அதே வேலைதான். தரைக்குப் பதில் டைட்டானியத் துண்டு, மாவுக்குப் பதில் அயனிக் கற்றை. மின்னூட்டம் ஏறிய அணுக்கள் துளை வழியே பாய்ந்து உலோகத்தின் மேல் வரிசையாகப் புள்ளி வைக்கும். உடைந்த எலும்புக்குள் வைக்கும் டைட்டானியத்தில் இப்படிப் புள்ளி வைத்தால் எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வளரும் என்பது எங்கள் நம்பிக்கை.

எங்கள் துறைத் தலைவர் மேடையில் இதை "நம்முடைய ஆய்வு" என்பார். சல்லடை உடைந்த அன்று "உங்களுடைய ஆய்வு" என்பார். அவருடைய ஆய்வோ என்னுடைய ஆய்வோ, முனைவர் பட்டத்துக்கான என் பதிவு இந்த வருடத்தோடு காலாவதியாகிறது. நீட்டிப்பு கேட்டுக் கேட்டு நீட்ட இனி இடமில்லை. புள்ளி தெரிகிற ஒரு படம் வேண்டும், இல்லையென்றால் இத்தனை வருடப் படிப்பும் குப்பைக்கு. கற்றை எந்திரம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தது. அச்சுக்கருவிகளின் முனையை நைட்ரஜன் அயனியால் கெட்டிப்படுத்த வாங்கியது. அதையும் அடுத்த வாரம் கழற்றி வடக்கே உள்ள கிளைக்கு அனுப்புவதாக இருந்தார்கள். நல்லபடியாகத் தேறி, எஃகு வளையத்தில் பொருத்திய சல்லடைகள் என் கையில் இரண்டுதான் இருந்தன.

ஏறும்போதே நடத்துனரிடம் ஓசூரில் எழுப்பச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். விடிந்து கண் விழித்தால் கடைப் பலகைகளெல்லாம் ஜிலேபி ஜிலேபியாக எழுத்து. அத்திப்பள்ளி. அயல் மாநிலத்தில் கால் வைத்துவிட்டேன்.

"ஓசூர்ல ரெண்டு வாட்டி கூப்ட்டங்க," என்றார் நடத்துனர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "நீங்க அந்த டப்பாவ கட்டிப் புடிச்சிட்டு தூங்குனீங்க. யாரோட அஸ்தியோ, பாவம், எங்கியோ கரைக்கப் போறாங்கன்னு விட்டுட்டன்."

இறங்கி, ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றேன். டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த கன்னடம் குறைவு, ஆனால் கேலி எந்த மொழியிலும் புரிந்துவிடும். "இந்தத் தமிழ்க்காரர்கள் எல்லாம் பெங்களூருக்குள்ளே வருகிறார்கள், இந்த அம்மா மட்டும் திரும்பிப் போகிறாள்" என்றார் ஒருவர். "வேலை கிடைத்திருக்காது" என்றார் மற்றவர். டவுன் பஸ் ஒன்று வந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற வாசகத்தைத் தமிழில் பார்த்ததும் தாய்நாட்டுத் தூதரகத்தைப் பார்த்த மாதிரி ஓடி ஏறினேன். எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டியபோதுதான் மூச்சு சீரானது.

ஓசூர் குளிர்கிறது. தூத்துக்குடியில் நாங்கள் போர்வையைத் தலைக்கு வைத்துப் படுக்கத்தான் பயன்படுத்துவோம். இங்கே வெயிலிலும் ஸ்வெட்டர் போட்ட மனிதர்கள் நடமாடுகிறார்கள். சாலையில் பாதி லாரி, மீதி அந்த லாரியைத் திட்டுகிறவர்கள். விடுதிக்குப் பக்கத்து மெஸ்ஸில் முதலாளி தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்றிலும் வரவேற்றார். நான் தூத்துக்குடித் தமிழில் பதில் சொன்னதும் இந்திக்கு மாறினார்.

மதியம் ராகிக் களியும் கோழிக் குழம்பும் வந்தது. மீனைத் தவிர எதையும் சாப்பாடாக மதிக்காத குடும்பத்தில் பிறந்தவள் நான். களியை வாயில் போட்டு நியாயமாக மென்றேன். பல்லும் நாக்கும் அண்ணமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. எதிரே உட்கார்ந்திருந்த மத்தூர்க்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "மெல்லாதீங்க மேடம். உருட்டி, கொழம்புல முக்கி, அப்டியே உள்ள தள்ளுங்க. களிக்கு பல்லே வேணாங்க." தள்ளினேன். நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரை பசிக்கவில்லை, யோசிக்கவும் முடியவில்லை.

மறுநாள் தொழிற்சாலை. வாகனங்களுக்கான அலுமினிய வார்ப்புகள் செய்கிற இடம். வாசலில் என் செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்புறம் ஒரு அறையில் உட்காரவைத்துப் பாதுகாப்புப் படம் போட்டார்கள். படத்தில் ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்தார், தமிழில் அலறினார், பிறகு அதே மனிதர் இந்தியில் மறுபடி விழுந்தார்.

டப்பாவோடு உள்ளே போகப் பார்த்தபோது காவலர் மறித்தார். "ஆளு இந்த கேட்டு. மெட்டீரியல் அந்த கேட்டுங்க மேடம்."

"இது என் கையிலேயே இருக்கணும். தொட்டா உடஞ்சிரும்."

"உள்ள போற எதுவா இருந்தாலும் இன்கமிங் குவாலிட்டில பாத்து பச்சை ஒட்டுனாதாங்க மெஷினுக்கு போவும். எம்டி சார் சாப்பாட்டு கேரியருக்கே ஒட்டுவாங்க."

கேரியர் விஷயம் பொய்யாக இருக்கலாம், ஆனால் அவர் முகம் பொய் சொல்கிற முகமாக இல்லை. சரக்கைச் சோதிக்கும் பிரிவிலிருந்து சுகுணா என்ற பெண் வந்தாள். பர்கூரில் என்ஜினியரிங் முடித்துவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தவள், இன்னும் நிரந்தரமாகவில்லை. வெளியாட்களுக்கு அந்தப் பிரிவில் அனுமதி கிடையாதாம். கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் டப்பாவை வாங்கிக்கொண்டு, "பத்தரமா பாத்துக்கறங்க மேடம்," என்றாள். அது என்ன பொருள், எதற்கு என்று நான் சொல்லவில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு எதற்கு இயற்பியல் என்று நினைத்தேன்.

மேனேஜர் மஞ்சுநாத் என்னைச் சுற்றிக் காட்டினார். சுவரெல்லாம் மூன்று மொழியில் குறையற்ற தரம் பற்றிய வாசகங்கள். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும்போது காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் உள்ளே பொடிப் பொடி ஓட்டைகள் விழும். அந்த வழியாக எண்ணெய் கசியும். வார்ப்புக்காரர்களிடம் 'போரோசிட்டி' என்று சொல்லிப் பாருங்கள், எழவு வீட்டுச் சேதி கேட்ட மாதிரி முகம் போகும். அதற்கு ஒரு வைத்தியமும் வைத்திருந்தார்கள். கசிகிற உருப்படியைக் காற்றில்லாத தொட்டியில் இறக்கி, ஓட்டைகளுக்குள் பிசினை உறிஞ்சவிட்டு, வெந்நீரில் இறுக வைத்துவிடுவார்கள். அதற்கு இம்ப்ரெக்னேஷன் என்று பெயர்.

"நம்மகிட்ட உள்ள வந்த ஓட்டை வெளிய போகாது மேடம்," என்றார் மஞ்சுநாத். நானும் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் டப்பா திரும்பி வந்தது. இரண்டு சல்லடைகளின் எஃகு வளையத்திலும் பச்சை ஸ்டிக்கர். கீறல் இல்லை, விரிசல் இல்லை, நான் கொடுத்ததை விடச் சுத்தமாக மின்னின. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பொருளை ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் போனால் அதன் மேல் யாராவது டீ டம்ளர் வைத்திருப்பார்கள். இந்த ஊரைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

எந்திரத்தை ஓட்டுபவர் நாராயணப்பா, பாகலூர்ப் பக்கத்துக்காரர். எந்திரத்திடம் தெலுங்கிலும் மனிதர்களிடம் தமிழிலும் பேசுவார். டைட்டானியத் துண்டின் மேல் முதல் சல்லடையை வைத்து உள்ளே அனுப்பினோம். அறைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க வழக்கத்தை விட நேரமானது. அழுத்தம் காட்டும் முள் இறங்கவே மாட்டேன் என்றது. நாராயணப்பா எந்திரத்தின் தாயாரைத் தெலுங்கில் விசாரித்தார். என் பக்கம் திரும்பி, "உங்க ஐட்டம் ஏதோ வாந்தி எடுக்குது மேடம்," என்றார். ஈரமாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். ஒருவழியாக முள் இறங்கியது, கற்றை பாய்ந்தது. சல்லடையைப் பிரித்து எடுக்கும்போது அது இரண்டாக உடைந்தது. அதில் ஆச்சரியமில்லை, அதன் வேலை முடிந்துவிட்டது. இன்னொன்று கைவசம் இருக்கிறது. அன்று ராத்திரி பாக்கு மட்டைத் தொன்னையில் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். நிறம் பச்சை, ருசி அபாரம், எங்கள் ஊரில் இதைப் பிரியாணி என்று சொன்னால் அடிப்பார்கள்.

நான்காம் நாள் படம் எடுக்கப் பெங்களூருக்கு. எலெக்ட்ரான் நுண்ணோக்கி அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கம்தான் என்பார்கள், அது பறக்கிற காகத்துக்கு. பொம்மசந்திராவிலிருந்து வண்டிகள் ஓடவில்லை, குடியிருந்தன. பக்கத்து சீட்டுக்காரர் மடிக்கணினியைத் திறந்து முழு நாள் வேலையையும் பஸ்ஸிலேயே முடித்துவிட்டு, அலுவலகம் வந்ததும் இறங்கிச் சாப்பிடப் போனார்.

திரையில் என் டைட்டானியம் தெரிந்தது. பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். இடம் மாற்றிப் பார்த்தோம், மூலை மூலையாகத் தேடினோம். ஒரு புள்ளி இல்லை. கருவியை இயக்கிய பையன் மரியாதையாக ஆங்கிலத்தில் ஒன்று சொன்னான். தமிழில் சொன்னால்: "ரொம்ப நல்ல பாலிஷ். எங்கே செய்தீர்கள்?"

பிறகு உடைந்த சல்லடையின் ஒரு துண்டை வைத்துப் பார்த்தோம். தேனடை அழகாகத் தெரிந்தது, ஆனால் ஒவ்வொரு அறையிலும் ஏதோ நிறைந்திருந்தது. வெளியே வந்து சுகுணாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தகடு ரெண்டையும் என்ன செஞ்சீங்க சுகுணா?"

"ஏங்க மேடம், நல்லாதான இருந்துச்சு?"

"என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன்."

"ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு பாத்தங்க. டக்குனு அந்தப் பக்கம் ஈரமாயிடுச்சு. ஒரு எடம் பாக்கியில்லாம போரோசிட்டி. அப்டியே ரிஜெக்ட் போட்டா, பாவம், எங்கிருந்தோ வந்திருக்கீங்க, வீணாயிடுமேன்னு நானே இம்ப்ரெக்னேஷனுக்கு எடுத்துட்டுப் போனன். தொட்டில ஒடஞ்சிடக் கூடாதுன்னு டீ வடிகட்டில வெச்சி எறக்கனங்க. ரெண்டாவது வாட்டி ஸ்பிரிட் விட்டன், ஒரு பொட்டு கூட கசியல மேடம்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரலில் இருந்த பெருமையை நான் மறக்கவே மாட்டேன். மாதக்கணக்கில் நான் போட்ட ஓட்டைகளை ஒரு பிற்பகலில், ஒன்று விடாமல், அடைத்திருக்கிறாள். எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்த வேலையும் இவ்வளவு முழுமையாக நடந்து நான் பார்த்ததில்லை. சாலையோரத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். பெங்களூரில் அதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் போக்குவரத்துக் கவலை.

மறுநாள் காலை தொழிற்சாலையில் என் ஊர்த் தமிழ் வெளியே வந்துவிட்டது. "என்னத்தம்மா செஞ்சி வச்சிருக்கிய? அந்த ஓட்டைதான் என் பொழப்பு. அது இல்லன்னா படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சுகுணாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஓட்டை வேணும்னு எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க மேடம்."

அது நியாயமான பதில், அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. மஞ்சுநாத்திடம் போனோம். அவர் என் வார்த்தைகளை முழுவதும் கேட்டுவிட்டு, "ஆனா பிசின் ஃபில்லிங் நல்லா ஆயிருக்கு இல்ல?" என்று சுகுணாவிடம் கேட்டார். ஆமாம் என்றாள். அவருக்கு நிம்மதி. என் பக்கம் திரும்பி, இதற்குத் தனியாகக் கட்டணம் எதுவும் வாங்கப்போவதில்லை என்று பெருந்தன்மையோடு அறிவித்தார்.

மீதி இருந்தது ஒரு சல்லடை, அதற்குள்ளும் பிசின். எந்திரத்தைக் கழற்ற ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். அன்று சனி. பிசின் எரியக்கூடியது, சல்லடை எரியாதது. வார்ப்புகளைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துகிற அடுப்பு அந்தத் தொழிற்சாலையிலேயே இருக்கிறது. சிலிண்டர் மூடிகள் போகும் தட்டில் இதையும் வைத்துவிட்டால் பிசின் ஆவியாகப் போய்விடும். கேட்டேன்.

"ஒருவாட்டி பச்சை ஒட்டுனத திரும்ப வேலைக்கு எறக்க முடியாதுங்க," என்றாள் சுகுணா. "எறக்கணும்னா ரிஜெக்ட் பண்ணி செகப்பு ஒட்டணும். செகப்பு ஒட்டுனா யாரும் எடுத்து யூஸ் பண்ணிடக் கூடாதுன்னு சுத்தியல்ல அடிச்சி ஒடச்சிடுவாங்க."

"அப்ப பச்சையோடயே அடுப்புல வை."

"அதுக்கு மேனேஜர் சார்..."

மேனேஜர் சார் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். சனிக்கிழமை அரை நாள். இந்த நாட்டில் முக்கியமான முடிவுகள் எல்லாம் மேலதிகாரி கிளம்பிய பிறகுதான் எடுக்கப்படுகின்றன. சுகுணா வளையத்திலிருந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, சல்லடையோடு அடுப்புப் பக்கம் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரவமில்லாத தொழிற்சாலையில் நாங்கள் மூன்று பேர். ஒற்றை ஷிப்டுக்காக வந்திருந்த நாராயணப்பா எந்திரத்துக்குப் பக்கத்தில் தட்டுவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சல்லடை ஆறியிருந்தது. ஓரத்தில் லேசாக நெளிந்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. சுகுணா மேசையின் மேல் டிஷ்யூத் தாளை விரித்து, அதன் மேல் அதை வைத்து, ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டாள். இரண்டு பேரும் குனிந்து நின்றோம். கசியாதே என்று வேண்டிக்கொண்டு எத்தனையோ பேர் நின்ற மேசை அது. கசி, கசி என்று நான் வேண்டிக்கொண்டேன். அவளும் அதையே வேண்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

தாளின் அடியில் ஈரம் வட்டமாகப் பரவியது.

"லீக்குங்க மேடம்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன்.

நாராயணப்பா வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டிக்கர் எங்க?" என்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானண்ணா," என்றாள் சுகுணா.

"மெஷினுக்கு ஏதும்மா ஞாயித்துக்கெழம? பச்சை இல்லாம என் கையால உள்ள போடமாட்டன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தொழிற்சாலையில் யார் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் என் தலையெழுத்து. சுகுணா மேசைக்குத் திரும்பிப் போனாள். ஈரத் தாள் இன்னும் அங்கேயே கிடந்தது. பச்சை ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்தாள். ஒரு முறை வைத்து எடுத்தாள், மறுபடி வைத்து அழுத்தினாள்.

"ஒழுகறதுன்னு கண்ணால பாத்துட்டு பாஸ் போடறது இதான் மொத தடவைங்க," என்றாள் என்னைப் பார்க்காமல். "எங்க ட்ரெயினிங்ல மொத நாளே சொல்லிக் குடுத்தது இத செய்யாதன்னுதான்."

அப்போதுதான் எனக்குக் கேலியெல்லாம் அடங்கியது. என் படிப்புக்காக அந்தப் பெண் தன் வேலையின் கற்பையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றி என்று சொன்னேன், அது போதவில்லை. முள் இந்த முறை மளமளவென்று இறங்கியது. நாராயணப்பா எந்திரத்தைத் தெலுங்கில் கொஞ்சினார்.

திங்கட்கிழமை பெங்களூரில் திரை முழுக்கப் புள்ளிகள். சில இடங்களில் பிசின் மிச்சமிருந்து சொட்டை விழுந்திருந்தது, அதைப் பற்றிக் கவலையில்லை. மீதி இடத்தில் வரிசை வரிசையாக, எந்தக் கையாலும் போட முடியாத கோலம். பதிவு காலாவதியாகாது. உடனே சுகுணாவுக்குப் படத்தை அனுப்பினேன். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"பாத்தங்க மேடம். ரொம்ப அழகா இருக்குது. இத்தன ஓட்டைய ஒண்ணா நான் பாத்ததே இல்ல."

"ஆய்வேட்டுல நன்றின்னு உங்க கம்பெனி பேரையும் உன் பேரையும் முதல்ல போடப் போறேன் சுகுணா."

பின்னணியில் ஏதோ ஒரு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"வேணாங்க மேடம். கஸ்டமர் யாராவது பாத்துட்டா அவ்ளோதான். எங்ககிட்ட இருந்து ஓட்டையோட ஒரு பீஸ் வெளிய போச்சுன்னு தெரியவே கூடாதுங்க. அடுத்த மாசம் என்ன பர்மனென்ட் பண்றதா சொல்லியிருக்காங்க."

ஆய்வேட்டில் ஓசூரிலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு நன்றி என்று மட்டும் எழுதினேன். துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை, பெயர் தெரியாத இடத்துக்கு எதற்கு நன்றி என்று கேட்டார். இந்தக் கட்டுரையிலும் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அந்தப் பெண்ணின் பெயர் சுகுணா இல்லை.